கண்ணின் கணக்கை எழுதி வைப்போம்

 

நமது டிரஸ்ட் சார்பில் மதரஸா ஹாலில் நடத்திய கண் பரிசோதனை முகாமுக்கு நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு பெரியவர் வந்திருந்தார். இருபது வருடத்துக்கு மேல் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். பள்ளிவாசல் ஹவ்ளின் படியில் இரண்டு முறை தடுக்கி விழுந்ததால், மகள் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தார். “கண்ணாடிதான் சரியில்லை போல. மூணு தடவை மாத்தியாச்சு” என்றார். எழுத்துப் பலகையைக் கடைசி வரிசைக்கு முந்தின வரிசை வரை தடுமாறாமல் படித்தார்.

முகாமுக்கு வந்திருந்த ஆப்டோமெட்ரிஸ்ட் சகோதரி அவரது கண் அழுத்தத்தை அளந்தார். வலது கண்ணில் 32. சாதாரணமாக 10 முதல் 21 வரை இருக்க வேண்டிய அளவு அது. “பாய், இதுக்கு முன்னாடி யாராவது கண்ணில் பிரஷர் இருக்குன்னு சொல்லியிருக்காங்களா?” என்று கேட்டார்.

“அங்கே இருக்கும்போது ஒரு டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார்மா. ஊருக்கு வந்தப்புறம் பாட்டில் தீர்ந்து போச்சு. வலி ஒண்ணும் இல்லையே, அதனால் விட்டுட்டேன்.”

“என்ன மருந்து? அப்போ அளவு எவ்வளவு இருந்தது?”

“சீட்டெல்லாம் அங்கேயே போச்சு. பாட்டில் மூடி மஞ்சளா இருக்கும்.”

கண் அழுத்தத்துக்கான ஒரு வகைச் சொட்டு மருந்துக்குச் சில கம்பெனிகள் மஞ்சள் மூடி போடுவது உண்டு. அந்த மருந்து ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பெரியவரின் சட்டைப் பையில் இன்ஹேலர் இருந்தது. மூடியின் நிறத்தை வைத்து யாரும் மருந்து எழுத முடியாது. அன்றே கடிதம் கொடுத்துக் கண் மருத்துவமனைக்கு அனுப்பினோம். வலது கண்ணின் பக்கவாட்டுப் பார்வையில் பெரும்பகுதி போய்விட்டது, அது திரும்பி வராது என்று அங்கே சொன்னார்கள். மீதமிருப்பதைக் காப்பாற்ற இப்போது வேறு மருந்து போட்டு வருகிறார். அவரது அனுமதியைப் பெற்றே, அடையாளம் தெரியாமல், இதை இங்கே எழுதுகிறோம்.

அந்தப் பெரியவருக்கு மருத்துவம் கிடைக்காமல் போகவில்லை. ஒரு நாட்டில் டாக்டர் நோயைச் சரியாகக் கண்டுபிடித்தார். இங்கே மூன்று கண்ணாடிக் கடைகளில் பவர் பார்த்தார்கள். இடையில் ஆஸ்துமாவுக்கு ஒரு டாக்டரிடம் போய் வந்தார். ஆனால் ஒருவருக்குத் தெரிந்தது இன்னொருவருக்குத் தெரியவில்லை. அந்த இடைவெளியில்தான் அவரது பார்வை போனது. இந்த இடைவெளியை அடைக்கும் வழிதான் மின்னணு மருத்துவப் பதிவு. அதைப் பற்றி நம் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இந்தக் கட்டுரையில் சொல்கிறோம்.

ஆப்டோமெட்ரிஸ்ட் என்பவர் யார்?

கண்ணாடிக் கடையிலோ, சிறிய கண் பரிசோதனை மையத்திலோ நம் பவரைப் பார்ப்பவரை நாம் ‘கண்ணாடி டாக்டர்’ என்கிறோம். அவர்களில் முறைப்படி படித்தவர்கள் ஆப்டோமெட்ரிஸ்ட்கள். நான்கு ஆண்டு பட்டப்படிப்பு முடித்து, அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சியும் பெற்றவர்கள். சென்னையில் சங்கர நேத்ராலயா 1985-ல் இதற்கென்றே ஒரு கல்லூரியைத் தொடங்கியது. இப்போது நம் மாநிலத்தில் பல கல்லூரிகளில் இந்தப் படிப்பு இருக்கிறது. நம் சமுதாயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

இவர்கள் அறுவை சிகிச்சை செய்யும் கண் மருத்துவர்கள் அல்லர். பவர் பார்ப்பது, கண் அழுத்தம் அளப்பது, விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்த்து ஏதாவது மாறுதல் இருந்தால் கண் மருத்துவரிடம் அனுப்புவது ஆகியவை இவர்களின் வேலை. பெரிய கண் மருத்துவமனைக்கு நாம் பத்து வருடத்தில் ஒருமுறை போவோம். கண்ணாடிக் கடைக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது போகிறோம். ஆகவே நம் கண்ணில் வரும் மாற்றத்தை முதலில் பார்க்கும் வாய்ப்பு இவர்களுக்குத்தான் இருக்கிறது. ஆனால் மாற்றம் என்று தெரிய வேண்டுமானால் பழைய நிலை என்ன என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் அளவு போதாது

காய்ச்சலை ஒரே நாளில் அளந்து சொல்லிவிடலாம். கண் அப்படி இல்லை. கண்ணில் வரும் பெரிய நோய்கள் பல மெதுவாக, வலியில்லாமல் வருபவை. நேற்றைய அளவையும் இன்றைய அளவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பிடிபடும்.

கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோயை எடுத்துக்கொள்வோம். இதில் பார்வை நரம்பு ஓரத்திலிருந்து தேய்ந்துகொண்டே வரும். நேர்ப் பார்வை கடைசி வரை நன்றாக இருக்கும். அதனால்தான் நம் பெரியவரால் எழுத்துப் பலகையைப் படிக்க முடிந்தது, கால் அருகில் இருந்த படி தெரியவில்லை. சிலருக்குப் பார்வை நரம்பின் நடுக்குழி பிறவியிலேயே பெரிதாக இருக்கும். ஒருநாள் மட்டும் பார்க்கும் ஆப்டோமெட்ரிஸ்டுக்கு அது பிறவி அமைப்பா, நோயா என்று சொல்வது கடினம். ஐந்து வருடத்துக்கு முன் எடுத்த படம் கண்முன் இருந்தால், குழி அப்படியே இருக்கிறதா, பெரிதாகியிருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கலாம். அப்படியே இருந்தால் வீண் பயம் இல்லை, வீண் செலவும் இல்லை. பெரிதாகியிருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

இன்னொன்றும் பாருங்கள். கிளாக்கோமாவுக்குச் சொட்டு மருந்து போடும் ஒருவருக்கு அழுத்தம் 16, 17 என்று சீராக இருந்து, ரமலானுக்குப் பிறகு திடீரென்று 26 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய அளவுகள் திரையில் தெரிந்தால் ஆப்டோமெட்ரிஸ்ட் முதலில் கேட்கும் கேள்வி, “நோன்பு நேரத்தில் மருந்தை நிறுத்தினீர்களா?” என்பதாகத்தான் இருக்கும். பழைய அளவு தெரியாவிட்டால் இவருக்கு இந்த மருந்து கேட்கவில்லை என்று நினைத்து இன்னொரு மருந்தும் சேர்க்கப்படலாம். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரண்டு மத்ஹபுகளிலும் கண்ணில் மருந்து விடுவதால் நோன்பு முறியாது. மனதில் சந்தேகம் இருந்தால் இமாமிடம் கேட்டுத் தெளிவு பெறுங்கள். அல்லது ஸஹருக்கு முன்பும் இஃப்தாருக்குப் பின்பும் மருந்து போடும்படி நேரத்தை மாற்றித் தரச் சொல்லி டாக்டரிடம் கேளுங்கள். நிறுத்தி மட்டும் விடாதீர்கள்.

குழந்தைகளுக்கும் இது பொருந்தும். எட்டு வயதில் மைனஸ் 1, ஒன்பதில் மைனஸ் 1.75, பத்தில் மைனஸ் 2.75 என்று ஒரு பிள்ளையின் பவர் போனால், அது வேகமாக ஏறுகிறது என்று பொருள். வேகத்தைக் குறைக்க இப்போது வழிகள் இருக்கின்றன. தினமும் வெளிச்சத்தில் வெளியே விளையாடுவது, டாக்டர் ஆலோசனைப்படி போடும் குறைந்த அளவு சொட்டு மருந்து, தனி வகைக் கண்ணாடிகள் என்று பலவும் உண்டு. ஆனால் ஒவ்வொரு வருடமும் வேறு வேறு கடையில் பவர் பார்த்து, பழைய சீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டால், மூன்று எண்களும் ஒரே இடத்தில் சேராது. ஏறுகிறது என்பது யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

கண் நோயின் காரணம் கண்ணில் இல்லாதபோது

பகிரப்படும் பதிவு, கண் அளவுகளை மட்டும் காட்டினால் போதாது. உடம்பின் மற்ற விவரமும் ஆப்டோமெட்ரிஸ்டுக்குத் தேவை. சில உதாரணங்கள் சொல்கிறோம்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது சர்க்கரை நோய். சர்க்கரை ஏறும்போது கண்ணின் லென்ஸ் மாறுதல் அடைந்து பவரும் மாறும். அந்த வாரத்தில் போய்க் கண்ணாடி போட்டால், சர்க்கரை இறங்கியதும் அந்தக் கண்ணாடி பொருந்தாது. “கண்ணாடிக்காரர் தப்பாகப் போட்டுவிட்டார்” என்று சண்டை வரும். நோயாளியின் கடைசி ரத்தப் பரிசோதனை அளவு ஆப்டோமெட்ரிஸ்டுக்குத் தெரிந்தால், “முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வாருங்கள். சில வாரம் கழித்துப் பவர் பார்ப்போம்” என்று சொல்லி அனுப்புவார். அதோடு, சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும். கடைசியாக எப்போது பார்த்தார்கள் என்பதும் பதிவில் தெரியும்.

மூட்டு வாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை எடுப்பவர்கள் பலர், பெரும்பாலும் பெண்கள். பல வருடம் எடுக்கும்போது சிலருக்கு விழித்திரை பாதிக்கப்படும். தொடங்கிய முதல் வருடத்தில் ஒருமுறை கண்ணைப் பார்த்துவிட்டு, ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் பார்ப்பது வழக்கம். காச நோய்க்குத் தரும் எத்தாம்புட்டால் சிலருக்குப் பார்வை நரம்பைப் பாதிக்கும். நிறங்கள் மங்குவது அதன் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்று. “எனக்குச் சிவப்பு சரியாகத் தெரியவில்லை” என்று ஒருவர் சொன்னால், அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று தெரிந்த ஆப்டோமெட்ரிஸ்ட் அன்றே டாக்டரிடம் அனுப்புவார். தெரியாதவர் கண்ணாடியை மாற்றித் தருவார்.

வயதான ஆண்களுக்குச் சிறுநீர்ப் பிரச்சினைக்காகத் தரப்படும் டாம்சுலோசின் மாத்திரை, கண்புரை அறுவை சிகிச்சையின்போது பாப்பாவைச் சுற்றியுள்ள திரையைத் தளரச் செய்யும். மாத்திரையை நிறுத்திய பிறகும் இந்த விளைவு தொடரலாம். முன்பே தெரிந்தால் சர்ஜன் அதற்கேற்பத் தயாராக இருப்பார். ஆனால் கண்ணுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நம் பெரியவர்கள் வாய் திறந்து சொல்வதே இல்லை. வெட்கமும் ஒரு காரணம். பதிவில் இருந்தால் சொல்ல வேண்டிய அவசியமே வராது.

பகிரப்படும் பதிவு எப்படி வேலை செய்கிறது?

நம் தமிழ்நாட்டிலேயே கண்ணெதிரே ஒரு உதாரணம் இருக்கிறது. 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிற்றூர்களில் பார்வை மையங்களைத் திறந்து வருகிறது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன. அங்கே டாக்டர் உட்கார்ந்திருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பணியாளர்கள் பவர் பார்த்து, கண் அழுத்தம் அளந்து, தேவைப்பட்டால் விழித்திரையைப் படம் எடுத்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் பதிவு செய்கிறார்கள். பெரிய மருத்துவமனையில் இருக்கும் கண் மருத்துவர் அந்தப் பதிவைப் பார்த்துவிட்டு, வீடியோவில் நோயாளியிடம் பேசி, என்ன செய்வது என்று சொல்கிறார். அறுவை சிகிச்சை தேவைப்படுபவர் மட்டும் பஸ் ஏறினால் போதும். அடுத்த முறை அவர் வரும்போது முந்தைய அளவுகள் திரையிலேயே இருக்கும்.

இது ஒரே நிறுவனத்துக்குள் நடக்கும் பகிர்வு. நாடு முழுவதும், வேறு வேறு நிறுவனங்களுக்கு இடையே பகிர்வது அடுத்த படி. ஸ்காட்லாந்தில் 2006 முதல் கண் பரிசோதனை அரசுச் செலவிலேயே நடக்கிறது. நோய் நிலையாக இருக்கும் கிளாக்கோமா நோயாளிகளில் ஒரு பகுதியினரை மருத்துவமனை, தனிப் பயிற்சி பெற்ற ஊர் ஆப்டோமெட்ரிஸ்ட்களின் பொறுப்பில் விட்டிருக்கிறது. மருத்துவமனையும் ஆப்டோமெட்ரிஸ்டும் ‘ஓப்பன் ஐஸ்’ என்ற ஒரே பதிவில் எழுதுகிறார்கள். இருவரும் ஒரே படத்தைப் பார்க்கிறார்கள் என்பதால்தான் அந்தப் பொறுப்பை மாற்றித் தர முடிகிறது.

இந்தியாவில் இதற்காக வந்திருப்பது ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன். 2021 செப்டம்பரில் நாடு முழுவதற்கும் அறிவிக்கப்பட்டது. இதில் ஒவ்வொருவருக்கும் ‘ஆபா’ என்ற 14 இலக்க எண் தரப்படுகிறது. இந்தத் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையோ லேபோ உங்களுக்குச் செய்த பரிசோதனையை இந்த எண்ணோடு இணைத்தால், அது உங்கள் செல்போனில் உள்ள ஆபா செயலியில் தெரியும். இன்னொரு மருத்துவமனையில் நீங்கள் அனுமதி தந்தால் அங்கேயும் பார்க்கலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க விரும்புகிறோம். ஆபா அட்டை இன்சூரன்ஸ் அட்டை அல்ல. அதைக் காட்டினால் இலவச சிகிச்சை கிடைக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வேறு, இது வேறு. முகாமில் பலர் இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு வருகிறார்கள்.

வளைகுடாவில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அபுதாபியில் ‘மலஃபி’ என்ற பெயரில் இதே போன்ற பகிர்வு முறை இருக்கிறது. ‘என் கோப்பு’ என்பது அதன் பொருள். துபாயில் ‘நபித்’ என்ற முறை இருக்கிறது. அங்கே இருக்கும் வரை உங்கள் விவரம் அந்த முறைக்குள் இருக்கும். ஆனால் நீங்கள் விமானம் ஏறி ஊருக்கு வந்தால், அது தானாக உங்கள் பின்னால் வராது. ஆகவே வேலையை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும்போது, பெட்டி கட்டுவதற்கு முன் மருத்துவ அறிக்கைகளைக் கேட்டு வாங்குங்கள். செல்போனில் ஒரு பிரதியும், தாளில் ஒரு பிரதியும் இருக்கட்டும். நம் பெரியவர் அந்த ஒரு தாளைக் கொண்டு வந்திருந்தால் அவர் கதை வேறாக இருந்திருக்கலாம்.

நம் விவரம் யார் கைக்குப் போகும்?

இந்தக் கேள்வியை முகாமில் பலர் கேட்டார்கள். வெளிப்படையாகக் கேட்காதவர்கள் தனியாக வந்து கேட்டார்கள். “ஆதாரைக் கொடுத்தால் நாளைக்கு ஏதாவது பிரச்சினை வருமா?” “பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறோம், கண் பவர் வெளியே தெரிந்துவிடுமா?” இந்தக் கவலைகளை நாங்கள் அற்பமாக நினைக்கவில்லை. ஒருவரின் உடல்நிலை பற்றிய செய்தி ஓர் அமானிதம். அதை வைத்திருப்பவர் பாதுகாக்க வேண்டும். ஆகவே உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

ஆபா எடுப்பது கட்டாயம் அல்ல. அது இல்லை என்பதற்காக எந்த மருத்துவமனையும் சிகிச்சை தர மறுக்க முடியாது. ஆதார் மூலம் எடுக்கலாம், ஓட்டுநர் உரிமம் மூலமும் விண்ணப்பிக்கலாம். உங்கள் பதிவுகள் எல்லாம் டெல்லியில் ஒரே பெட்டியில் கொட்டப்படுவதில்லை. எந்த மருத்துவமனை எழுதியதோ அங்கேயே இருக்கும். ஒருவர் பார்க்கக் கேட்டால் உங்கள் செயலிக்குக் கோரிக்கை வரும். எந்தப் பதிவுகளை, எந்தக் காலத்தியவற்றை, எந்தத் தேதி வரை பார்க்கலாம் என்று நீங்கள் தீர்மானிக்கலாம். கண் பரிசோதனைக்குப் போகும்போது பிரசவ விவரத்தையோ மனநல மருந்து விவரத்தையோ காட்ட விருப்பமில்லை என்றால் அந்தப் பதிவைத் தராமல் விடலாம். கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறலாம். ஆபா எண்ணே வேண்டாம் என்றால் நீக்கவும் வழி இருக்கிறது. 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமும், ஒருவரின் தகவலைக் கையாள்பவர்களுக்குப் பொறுப்பு சுமத்துகிறது.

இதனால் ஆபத்தே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. கம்ப்யூட்டரில் உள்ள எதுவும் திருட்டுப் போகலாம். தாளும் தொலையலாம், தீயில் எரியலாம், மழையில் நனையலாம். அதிகமாக நாம் கண்ட ஆபத்து வேறு. யாரோ போனில் பேசி ஓடிபி கேட்க, நம் பெண்கள் சொல்லிவிடுகிறார்கள். ஆபாவுக்காகவோ வேறு எதற்காகவோ, முன்பின் தெரியாதவர் போனில் கேட்டால் ஓடிபி சொல்லாதீர்கள். இன்னொன்று, உம்மாவின் ஆதாரில் மகனுடைய பழைய நம்பர் இருக்கும். மகன் ஷார்ஜாவில் இருப்பார். ஓடிபி அங்கே போகும், உம்மா இங்கே ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பார். ஆகவே ஆபா எடுக்கும் முன், வீட்டில் இருக்கும் ஒரு செல்போன் நம்பரை ஆதாரில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

நல்ல பதிவு இருந்தும் அதை யாரும் திறந்து பார்க்காவிட்டால் பயனில்லை. ஆகவே கண்ணாடி வாங்கப் போகும்போது நீங்களே கேளுங்கள்: “போன முறை அளவு என்ன? இந்த முறை என்ன? கண் அழுத்தம் பார்த்தீர்களா?” நேர்மையான ஆப்டோமெட்ரிஸ்ட் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார், சந்தோஷப்படுவார்.

இன்றைக்கே செய்யக்கூடியது

உள்ளதைச் சொன்னால், நம் ஊர்க் கண்ணாடிக் கடைகளில் பெரும்பாலானவை இன்னும் இந்த டிஜிட்டல் முறையில் சேரவில்லை. அவை சேரும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று ஒரு கண் பதிவை இன்றே தொடங்கலாம். நாற்பது ரூபாய் ஃபைல் ஒன்று போதும். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் வைத்து இவற்றை எழுதுங்கள்.

முதலாவது, ஒவ்வொரு முறையும் பார்த்த கண்ணாடிப் பவர், தேதியுடன். இரண்டாவது, கண் அழுத்தத்தின் அளவு, இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக. மூன்றாவது, இப்போது எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயர். கண் மருந்து மட்டும் அல்ல, சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி, சிறுநீர் மாத்திரை, இன்ஹேலர், நாட்டு மருந்து எல்லாம். நான்காவது, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பது. ஐந்தாவது, கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தால் தேதியும், வைத்த லென்ஸின் விவர அட்டையும். ஆறாவது, குடும்பத்தில் யாருக்கு கிளாக்கோமா இருக்கிறது என்பது. பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ அந்த நோய் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு பல மடங்கு அதிகம். அப்படிப்பட்டவர்கள் நாற்பது வயதுக்கு மேல் தவறாமல் பரிசோதிக்க வேண்டும். எங்கள் பெரியவரின் பிள்ளைகள் நால்வரையும் பரிசோதனைக்கு அனுப்பினோம். ஒரு மகனுக்கு ஆரம்ப நிலை இருப்பது தெரிந்தது. அவருக்குப் பார்வை எதுவும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். வாப்பாவின் நோய் எழுதி வைக்கப்பட்டதால் மகனின் கண் பிழைத்தது.

சொட்டு மருந்து பாட்டிலைத் தூக்கிப் போடும் முன் அதன் லேபிளைச் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். மருந்துக் கடைச் சீட்டையும் அப்படியே. உம்ராவுக்கோ ஹஜ்ஜுக்கோ போகிறவர்கள் இந்தப் படங்களைச் செல்போனில் வைத்துக்கொண்டால், மக்காவில் மருந்து தீர்ந்தாலும் அங்குள்ள டாக்டரிடம் காட்டலாம். படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு வீட்டுப் பிள்ளைகள் எழுதிக் கொடுங்கள். பத்தாம் வகுப்புப் படிக்கும் பேரன் நன்னாவுக்குச் செய்யக்கூடிய நல்ல கித்மத் இது.

நமது டிரஸ்டும் தன் பங்கைத் தொடங்கியிருக்கிறது. இனி வரும் முகாம்களில் ஒவ்வொருவரின் அளவுகளையும் எழுதி, ஒரு பிரதியை அவரவர் கையிலேயே தருவோம். முன்பு ஒரு நோட்டில் எழுதி எங்களிடமே வைத்துக்கொண்டோம், அது எங்கள் குறை. விரும்புகிறவர்களுக்கு ஆபா எடுக்கவும் செயலியைப் பயன்படுத்தவும் தன்னார்வலர்கள் உதவுவார்கள். பெண்களுக்குப் பெண் தன்னார்வலர்கள் இருப்பார்கள். யாருடைய ஓடிபியையும் நாங்கள் எழுதி வைக்க மாட்டோம். விரும்பாதவர்களிடம் வற்புறுத்த மாட்டோம். ஊரில் கண்ணாடிக் கடை நடத்தும் சகோதரர்களிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம். பவர் பார்த்தவுடன் அளவுகளைத் தெளிவாக எழுதி நோயாளியின் கையில் கொடுங்கள். கண்ணாடி உங்களிடம் வாங்கவில்லை என்றாலும் கொடுங்கள்.

அல்குர்ஆனிலேயே மிக நீண்ட வசனம் எது என்று மதரஸாப் பிள்ளைகளைக் கேட்டால் சொல்வார்கள். சூரா அல்பகராவின் 282-வது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும், நேர்மையாக எழுதவும், சாட்சி வைக்கவும் சொல்லும் வசனம் அது. மனிதன் மறப்பவன், மறதியால் ஒருவரின் உரிமை கெட்டுவிடக் கூடாது என்ற அக்கறை அதில் இருக்கிறது. பணத்துக்கே அவ்வளவு கவனம் என்றால், அல்லாஹ் நமக்குத் தந்த பார்வை என்ற நிஃமத்தின் கணக்கை நாம் மூடியின் நிறத்தை வைத்து ஞாபகம் வைத்துக்கொள்ளலாமா?

இந்த ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டுக்குப் போனதும், பீரோவிலும் ஜவுளிக்கடைப் பையிலும் கிடக்கும் பழைய கண் சீட்டுகளை எடுத்துத் தேதி வாரியாக அடுக்குங்கள். அடுத்த முகாமுக்கு வரும்போது அதைக் கையோடு கொண்டு வாருங்கள்.

வல்ல அல்லாஹ் நம் அனைவரின் பார்வையையும் ஆரோக்கியத்தையும் பாதுகாப்பானாக. நோயுற்றிருப்பவர்களுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.